கொல்வதை நிறுத்திய பற்றீரியா

என் பிழையால் ஓர் இறால் குஞ்சு பொரிப்பகத்தின் எட்டுத் தொட்டிகள் ஒரே கிழமையில் செத்தன. அந்தப் பிழையை என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணின் மேல் போட்டேன். அவருடைய கை சுத்தமில்லை என்று ஒன்பது பேருக்கு முன்னால் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அவருக்கு வேலை போனது. அந்தக் கரையில் இருந்த வேறெந்தப் பொரிப்பகமும் அதன் பிறகு அவரை உள்ளே எடுக்கவில்லை. நான் அதே மேசையில் ஏழு வருடம் இருந்தேன்.

இதற்கு மேல் எழுதுவதெல்லாம் அது எப்படி நடந்தது என்பதுதான். எழுதக் களைப்பாக இருக்கிறது. எழுதாமல் இருந்ததும் களைப்பாகத்தான் இருந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புகளுக்கு விலங்கியல் படிப்பித்தவன். போர்க் காலத்தில் மனைவியோடு புத்தளத்துக்கு வந்து, இங்கேயே ஒரு பாடசாலையில் படிப்பித்து, இங்கேயே ஓய்வு பெற்றேன். போர் முடிந்த அடுத்த வருடம் மனைவி இறந்தார். வீட்டில் இருக்க முடியாமல் இருந்த நாட்களில், என்னிடம் படித்த ஒருவரின் தகப்பன் வந்து கேட்டார். எல்லாரும் அவரை ஹாஜியார் என்றுதான் சொல்வார்கள். நுரைச்சோலைக்கு அப்பால், கடற்பக்கமாக, அவருக்கு ஒரு பொரிப்பகம் இருந்தது.

"மாஸ்டர், குஞ்செல்லாம் சாகுது. மருந்து போட்டுப் போட்டு இப்ப மருந்தும் கேக்குதில்ல. நீங்க பூச்சி படிச்ச மனிசன். வந்து ஒருக்காப் பாருங்களன்."

தாய் இறால் முட்டை விடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு முதல் மூன்று கிழமை கண்ணுக்கு ஒரு தூசு மாதிரித்தான் இருக்கும். அந்த மூன்று கிழமைக்குள் கடல் நீரோடு வருகிற ஒரு கெட்ட பற்றீரியா பெருகினால், காலையில் நீந்திக்கொண்டிருந்த தொட்டி மாலையில் வெள்ளைப் படிவாக அடியில் கிடக்கும். ஹாஜியார் பூச்சி என்று சொன்னது அந்தப் பற்றீரியாவைத்தான்.

அங்கே ஆய்வுகூடம் என்று சொல்லப்பட்டது ஓர் அறை. ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு சூட்டுப் பெட்டி, போத்தல்களை அவிக்க ஒரு பெரிய பிரஷர் குக்கர், ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடித் தட்டுகள். அந்த அறையை நடத்திக்கொண்டிருந்தவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். எனக்கு எட்டு வருடம் முந்தி அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். பற்றீரியா வளர்க்கும் அகார் கூழைக் காய்ச்சுவது, அதைத் தட்டில் ஊற்றுவது, சுட்ட கம்பியால் பற்றீரியாவைத் தட்டில் இழுப்பது எல்லாம் அவருடைய வேலை. யாரோ ஒரு வெளிநாட்டு ஆள் வந்து நின்ற காலத்தில் பக்கத்தில் நின்று பழகிக்கொண்டாராம். வேலை தொடங்க முன் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி முந்தானை நுனியில் முடிந்துகொள்வார். நகத்தைக் கிழமைக்கு இரண்டு தரம் வெட்டுவார். தொட்டிக்குப் பக்கத்தில் போய் மூக்கை வைத்தே, "இது நாளைக்கிச் செத்திரும் சேர், பாருங்க," என்பார். பெரும்பாலும் சாகும்.

முதல் நாள் என்னிடம் கேட்டார்.

"சேர் யாழ்ப்பாணமா?"

"ஓம்."

"எப்ப இஞ்ச வந்தீங்க?"

"தொண்ணூற்றஞ்சு கடைசியில."

"அப்ப எங்களுக்குப் பொறகு," என்றார். அவ்வளவுதான். அவர் மன்னார்ப் பக்கத்து ஊர். தொண்ணூறாம் ஆண்டு தமிழ் இயக்கம் வடக்கை விட்டு முஸ்லிம்களைப் போகச் சொன்னபோது, பாடசாலைப் பிள்ளையாக, தகப்பனோடும் தாயோடும் வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்தவர். போகச் சொன்னவர்கள் என் ஆட்கள். அந்தக் கதையை அவர் என்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை. நானும் எடுத்ததில்லை.

ஹாஜியாரின் மருந்தை நிறுத்திவிட்டு, வேறொரு வழி பார்க்கலாம் என்று நான் சொன்னேன். பற்றீரியாவைக் கொல்கிற பற்றீரியா உண்டு. ஒரே இடத்தில் ஒரே உணவுக்குப் போட்டி போடுகிறவை ஒன்றை ஒன்று கொல்லும். அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்தால், அதைத் தொட்டியில் விட்டு மற்றதை அடக்கலாம். நான் வகுப்பில் படிப்பித்தது பாதி. மீதியைப் புதிதாகப் படித்தேன். அந்த மாதங்களில் நான் சந்தோசமாக இருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

தட்டு முழுவதும் கெட்ட பற்றீரியாவைப் பரப்பிவிட்டு, அதன் மேல் வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்தவற்றைத் துளித்துளியாக வைத்தோம். களப்பு நீர், கடற்பாசி, மணல், தாய் இறாலின் குடல். அறுபது, எழுபது தட்டு ஒன்றும் இல்லை. ஒரு நாள் காலை அந்தப் பெண் சூட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். தாய் இறாலின் குடலில் இருந்து எடுத்த ஒன்றைச் சுற்றி, சல்லிக்காசு அளவில், ஒரு வெறும் வட்டம். சுற்றி எங்கும் கெட்டது மங்கலாகப் படர்ந்திருக்க, அந்த வட்டத்துக்குள் மட்டும் ஒன்றும் இல்லை. அதற்குள் இருந்தவை எல்லாம் செத்திருந்தன.

பம்ப் பார்க்கிறவர், நுரைச்சோலைக்காரர், கதவடியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"சேர், உங்கட பூச்சி நம்மட பூச்சியத் திண்டு முடிச்சா, பொறகு அதுக்குத் தீனிக்கு எங்க போற? ஹாஜியார்ட தலையிலதான் கட்டுவீங்க."

"திங்கிறேல்லை. நஞ்சு வைக்குது."

"நஞ்சா? யா அல்லா. எப்பிடி உள்ளுக்குப் போகுது? அதுக்கும் கதவு கிதவு இருக்குமே?"

அவர் பகிடியாகக் கேட்டார். ஆனால் சரியான கேள்வி அதுதான். நான் அங்கேயே வாங்கில் இருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் விளங்கப்படுத்தினேன். இப்போது அதை எழுதும்போது அந்த அறையின் ஸ்பிரிட் மணம் வருகிறது.

கதவு உண்டு. கடல் நீரில் இரும்பு மிகக் குறைவு, இரும்பில்லாமல் பற்றீரியாவால் வளர முடியாது. ஆகவே அது தன் வெளிச் சவ்வில் இரும்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாசல்களை வைத்திருக்கிறது. பசி கூடக்கூட வாசல்களையும் கூட்டும். நஞ்சு அந்த வாசலுக்குப் பொருந்துகிற வடிவத்தில் வருகிறது. அது ஒரு புரதம். ஒரு முனை வாசலைப் பிடிக்கும். இன்னொரு பகுதி சவ்வைக் கடக்க வழி செய்யும். கொல்லுகிற வேலை மூன்றாவது பகுதிக்கு. வாசலுக்கு வித்தியாசம் தெரியாது. இரும்பை இழுப்பதுபோலவே இழுக்கும். இழுப்பதற்கான சக்தியைச் செலவழிப்பதும் சாகப்போகிற உயிரணுதான். உள்ளே போனதும் சில நஞ்சுகள் உள்சவ்வில் ஓட்டை போட்டு, உயிரணு சேர்த்து வைத்த சக்தியை ஒழுகவிடும். சில, டி.என்.ஏ என்கிற பரம்பரை இழையை வெட்டிப்போடும். எங்களுடையது எந்த வகை என்று நான் ஒருபோதும் அறியவில்லை. அதற்கான கருவிகள் எங்களிடம் இல்லை.

"அப்ப அந்த நஞ்சு செஞ்ச பூச்சியே சாகாதா, சேர்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

நல்ல கேள்வி என்று சொன்னேன். நஞ்சு செய்வது தனக்கென்று ஒரு காப்பையும் சேர்த்தே செய்யும். கொல்லுகிற முனையில் அந்தக் காப்புப் புரதம் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் தன் நஞ்சு தன்னைத் தாக்காது. ஆனால் நஞ்சை வெளியே விடுவதற்கு வழி இல்லாத பலவற்றில், கூட்டத்தில் கொஞ்சம் உயிரணுக்கள் தாங்களே வெடித்துத்தான் அதை வெளியேற்றும். மற்றவை பிழைக்க, அவை சாகும்.

"அப்ப அதுக்கு வளர்த்தி குறைவாத்தான் இருக்கும்," என்றார் அவர்.

அதை நான் காதில் வாங்கவில்லை. காதில் விழுந்தது. வாங்கவில்லை.

தொட்டிகள் நன்றாக வந்தன. மூன்று மாதம், நான்கு மாதம். பெரிய பிளாஸ்ரிக் பீப்பாயில் சீனிப்பாகு கலந்த கடல் நீரில் எங்கள் பற்றீரியாவை வளர்த்து, ஒவ்வொரு தொட்டிக்கும் வாளிக்கணக்கில் ஊற்றினோம். பீப்பாய்க்கு வேண்டிய விதையைக் கிழமைக்கு ஒரு தரம் புதுத் தட்டில் இழுத்துப் புதுப்பிக்க வேண்டும். தட்டில் பற்றீரியா பொட்டுப் பொட்டாக வளரும். ஒவ்வொரு பொட்டும் ஒரே ஒன்றிலிருந்து பெருகிய கூட்டம். அதில் ஒரு பொட்டைக் கம்பியால் தொட்டு அடுத்த தட்டுக்குக் கொண்டுபோவோம். எந்தப் பொட்டைத் தொடுவது என்று நான் சொல்லிவைத்திருந்தேன்: பெரிசை, கொழுத்ததை.

என் தகப்பன் தோட்டக்காரர். கத்தரியிலும் பூசணியிலும் நல்ல பெரிய காயாக ஒன்றைப் பார்த்து, அதில் ஒரு துணிக் கிழிசலைக் கட்டி, விதைக்கு என்று செடியிலேயே முற்றவிடுவார். கிழிசல் கட்டிய காயை நாங்கள் தொடக்கூடாது. பல்கலைக்கழகம் போய் வந்து, முப்பது வருடம் படிப்பித்து, கடைசியில் தட்டைப் பார்த்தபோது என் கண் தேடியது அந்தப் பெரிய காயைத்தான்.

ஒரு நாள் அந்தப் பெண் தட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"சேர், இந்தப் பெரிய பொட்டச் சுத்தி வட்டம் விழுதில்ல. சின்னதுதான் வேல செய்யுது. நேத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தன்."

"ஆர் உங்களை வைக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல. சும்மா வச்சன்."

"சின்னது நோஞ்சான், தங்கச்சி. நோஞ்சானை எடுத்து விதைச்சால் பீப்பாயில பெருகாது. பெரிசை எடுங்கோ."

"சரி சேர்."

எடுத்தார். நான் சொன்னபடியே எடுத்தார். அவர் கண்டது இதுதான்: நஞ்சு செய்யும் வேலையைக் கைவிட்டு, காப்பை மட்டும் வைத்துக்கொண்டவை சில ஒவ்வொரு தட்டிலும் தற்செயலாக உண்டாகும். அவற்றுக்குச் செலவில்லை. அவை வெடித்துச் சாகவும் தேவையில்லை. சுற்றியிருப்பவற்றின் நஞ்சும் அவற்றைத் தொடாது. ஆகவே அவை கொழுக்கும். கிழமைக்குக் கிழமை நான் அவற்றைத்தான் தெரிந்தெடுத்து விதையாக்கினேன். ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் பீப்பாய்க்குள் இருந்தது கொல்லத் தெரியாத, நன்றாக வளர்கிற ஒரு பற்றீரியா. பீப்பாய்க்குள் அது முன்னெப்போதையும்விட வேகமாகப் பெருகியது. நான் அதைப் பெருமையாக ஹாஜியாருக்குக் காட்டினேன்.

பிறகுதான் எட்டுத் தொட்டிகளும் விழுந்தன.

மூன்றாவது தொட்டி விழுந்த அன்று முன்னேரத்திலேயே போய், பீப்பாயிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தேன். அடுத்த நாள் காலை பார்த்தேன். வட்டம் இல்லை. மறுபடி வைத்தேன். இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டில், மெழுகு வைத்து மூடிய ஒரு சிறிய குப்பி இருந்தது. அந்தப் பெண்ணின் எழுத்தில் "சின்னது" என்று, திகதியோடு ஒட்டியிருந்தது. முதல் மாதத்திலேயே, யாரும் சொல்லாமல், சிறிய பொட்டில் இருந்து எடுத்து வைத்திருக்கிறார். அதையும் வைத்துப் பார்த்தேன். வட்டம் சல்லிக்காசைவிடப் பெரிசாக விழுந்தது.

வெளியே அவர் போத்தல் கழுவிக்கொண்டிருந்தார். தட்டுகள் எல்லாவற்றையும் பிரஷர் குக்கரில் போட்டு அவித்தேன். குப்பியை மட்டும் என் மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

ஹாஜியார் அடுத்த நாள் பத்து மணிக்கு வந்தார். எல்லாரையும் தொட்டிகளுக்கு நடுவில் கூப்பிட்டார். கோபக்காரர் இல்லை. ஆனால் அன்றைக்கு அவருடைய முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"மாஸ்டர், என்ன நடந்த? சொல்லுங்க. எனக்கு வெளங்கோணும்."

"பீப்பாய்க்குள்ள வேற பற்றீரியா கலந்திட்டுது."

"எப்பிடிக் கலந்த?"

"போத்தல் கழுவினதில பிழை இருக்கலாம்."

நான் பெயர் சொல்லவில்லை. ஆனால் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள்.

"சேர், நான் மூணு தரம் அவிச்சன்," என்றார் அவர். "நீங்களே பாத்தீங்கதானே."

"அவிச்சிருக்கலாம், தங்கச்சி. கை?"

"என்ட கையா, சேர்?"

"கை சுத்தமில்லாட்டி அவிச்சும் பிரயோசனமில்லை."

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். எனக்கு மறக்காமல் இருப்பது அதுதான். ஒரு கணம், நான் சொன்னது உண்மையாக இருக்குமோ என்று அவர் தானே பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கி வர வேணாம், புள்ள," என்றார் ஹாஜியார்.

அந்தப் பெண் போன மறுநாள், லாச்சியிலிருந்த குப்பியை எடுத்துப் புதுப் பீப்பாய் வைத்தேன். சின்னப் பொட்டுகளாகத் தெரிந்தெடுத்து இழுத்தேன். அடுத்த முறைத் தொட்டிகள் அத்தனையும் வந்தன. கடைசித் தொட்டியில் குஞ்சு பிடித்த அன்று ஹாஜியார் என் தோளில் கை வைத்தார். "பாத்தீங்களா மாஸ்டர், கை மாறினதும் எல்லாம் சரி," என்றார். அந்தப் பெண் போன பிறகு எல்லாம் சரியானது என்பதே அவருக்கெதிரான சாட்சியாகிவிட்டது. அந்தச் சாட்சியை அவருடைய குப்பியில் இருந்துதான் நான் செய்தேன்.

பொரிப்பகங்கள் ஒன்றோடொன்று தொலைபேசியில்தான் வாழ்கின்றன. யாரிடம் தாய் இறால் இருக்கிறது, யாருடைய தொட்டி விழுந்தது, யாருடைய ஆள் எப்படி. அந்தப் பெண் மூன்று இடத்தில் போய் வேலை கேட்டாராம். மூன்று இடத்திலும், "கை சரியில்லையாமே," என்றார்களாம். பம்ப் பார்க்கிறவர்தான் சொன்னார்.

"சேர் சொன்னாப் பேப்பர்ல வந்த மாதிரி. ஆரு மறுத்துப் பேசுற?" என்றார். அது என்னைக் குத்தச் சொன்னதா, புகழச் சொன்னதா என்று எனக்கு இன்றும் தெரியாது. "இப்ப எத்தாளையில மொளகாத் தோட்டத்துக்குப் போகுது, பாவம்."

ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் நான் அவரைத் தேடிப் போகவில்லை. எனக்குச் சர்க்கரை வந்தது, கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் போகத் தொடங்கினேன், ஆலோசகர் என்று பெயர் வைத்தார்கள். மற்றப் பொரிப்பகங்களில் இருந்தும் வந்து கேட்டார்கள். சின்னப் பொட்டை எடுக்கவேண்டும் என்று நான் அவர்களுக்குச் சொன்னேன். யார் கண்டுபிடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் பாலாவிச் சந்தியில் கற்பிட்டி பஸ்ஸில் ஏறினேன். சனம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் எழும்பினார்.

"சேர், இருங்க."

அவர்தான். முகம் கறுத்து மெலிந்திருந்தது. விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"வேண்டாம், தங்கச்சி. நீங்கள் இருங்கோ."

"இருங்க சேர். உங்களுக்கு ஏலாது."

நான் இருந்தேன். நுரைச்சோலை வரை அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தார். அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தபோது நான் இறங்க எழும்பினேன். அவர் அந்த இடத்தில் இருந்துகொண்டார். எத்தாளைக்கு இன்னும் தூரம் இருந்தது.

அடுத்த கிழமை விசாரித்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். இடம்பெயர்ந்த ஆட்களுக்குக் கொடுத்த காணியில் பூசாத கல்வீடு. புருசன் கடலுக்குப் போயிருந்தார். பிளாஸ்ரிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். பிளேன்டீ தந்தார். நான் அதைக் குடிக்க முன் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, குப்பி, குக்கர், லாச்சி.

அவர் வாசற்படியில் இருந்து கேட்டார். முடிந்ததும், "தெரியும் சேர்," என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"நான் போன கையோட தொட்டி எல்லாம் நல்லா வந்த எண்டு சொன்னாங்க. என்ட குப்பியில இருந்துதான் எடுத்திருப்பீங்க. வேற எதுல இருந்து எடுக்க?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"தேத்தண்ணி ஆறுது. குடிங்க," என்றார். பிறகு, "எனக்கிட்ட வந்து சொல்லி என்ன சேர்? அண்டைக்கி எனக்கிட்டயா சொன்னீங்க?"

"இல்லை."

"அப்ப?"

அவ்வளவுதான் கேட்டார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன்.

பொரிப்பகத்தில் எல்லாருக்கும் முன்னால் சொல்லப்போகிறேன் என்றது ஹாஜியாருக்குப் பிடிக்கவில்லை. அவர் வீட்டு விறாந்தையில் ஒரு மணித்தியாலம் வாதாடினார்.

"மாஸ்டர், அது முடிஞ்ச கதை. இப்ப போய் ஆக்களக் கூட்டிவச்சுச் சொன்னா உங்கட மரியாத என்ன ஆகுற? என்ட மரியாத? நிப்பாட்டினது நான்தானே. நான் அந்தப் புள்ளைக்கி ஏதாச்சும் குடுத்து விடுறன். அத்தோட விடுங்க."

"குடுக்க வேண்டாம். நான் அங்க வைச்சுத்தான் சொல்லோணும். நீங்களும் நிக்கோணும்."

"உங்களுக்கு ஏலாத வயசுல என்னத்துக்கு இந்த வேல?"

"ஏலாத வயசிலதான் ஹாஜியார் இது வருது."

கடைசியில் வியாழக்கிழமை என்றார். குஞ்சுக்குத் தீனி போட்டு முடிய, பதினொரு மணிக்கு.

அன்றைக்கு நின்ற ஒன்பது பேரில் நான்கு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். மற்றவர்கள் புதிது. அந்தப் பெண் வருவாரோ என்று தெரியாது. ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தேன். பதினொரு மணிக்குக் கேற்றடியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

தொட்டிகளுக்குக் காற்று ஊதுகிற மெசின் இரைந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த முடியாது, நிறுத்தினால் குஞ்சு சாகும். நான் சொல்லத் தொடங்கினேன்.

"கேக்கல்ல சேர்," என்றார் பின்னால் நின்ற ஒருவர். "சத்தமாச் சொல்லுங்க."

நான் சத்தமாகச் சொன்னேன். வகுப்பில் கடைசி வாங்குக்குக் கேட்கக் கதைத்துப் பழகிய தொண்டை, பாதியில் கம்மிவிட்டது. பிழை என்னுடையது, அவருடைய கையில் ஒரு பிழையும் இருக்கவில்லை, பெரிய பொட்டை எடுக்கச் சொன்னவன் நான், வேண்டாம் என்று சொன்னவர் அவர், இப்போதும் தொட்டிகளைக் காப்பாற்றுவது அவர் எடுத்து வைத்த விதை. இரண்டாம் தரமும் சொல்லவேண்டி வந்தது. புதியவர்கள் சிலருக்கு யாரைப் பற்றிக் கதைக்கிறேன் என்று விளங்கவில்லை. பம்ப் பார்க்கிறவர் அவர்களுக்குக் கேற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தா நிக்கிற ராத்தா. அவங்களத்தான்."

அன்றைக்கு அவர் பகிடி ஒன்றும் விடவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

ஹாஜியார் கேற்றடிக்கு நடந்து போனார். நானும் பின்னால் போனேன்.

"புள்ள, நானும் விசாரிக்காம அவசரப்பட்டுட்டன். அல்லாவுக்காக மனசுல வைக்காதீங்க. லேப்பப் பாக்க முழுநேர ஆளில்ல. வாங்க. நீங்களே பொறுப்பா இருந்து பாருங்க."

அந்தப் பெண் என்னைப் பார்க்காமல், ஹாஜியாரைப் பார்த்துச் சொன்னார்.

"வாறன் ஹாஜியார். ஆனா சேர் வாற எடத்துக்கு நான் வரமாட்டன்."

ஹாஜியார் சங்கடப்பட்டு என் பக்கம் திரும்பினார். அவர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுக்க முன், நான் சட்டைப் பையில் இருந்த ஆய்வுகூடக் கதவின் திறப்பை எடுத்து நீட்டினேன். அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கத்தான் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. ஹாஜியார் வாங்கி அவரிடம் கொடுத்தார்.

நான் நினைத்தது போல் ஊர் என்னை வெறுக்கவில்லை. அதுவும் ஒரு பாரம். சிலர் நம்பவே இல்லை. அந்தப் பெண் கஷ்டப்படுவதைக் கண்டு இரக்கப்பட்டு, மாஸ்டர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாராம். சந்தையில் ஒருவர் என் கையைப் பிடித்து, "உங்களை மாதிரி மனிசர் இப்ப இல்லை," என்றார். இல்லை, உண்மையாகவே நான்தான் என்று அந்த இடத்திலேயே சொன்னேன். அவர் இன்னும் உருகிவிட்டார். மற்றப் பொரிப்பகங்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுதினேன். இரண்டு இடத்திலிருந்து பதில் வந்தது. இரண்டிலும் என் உடல்நலத்தை விசாரித்திருந்தார்கள்.

அந்தப் பெண் வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். தொட்டிகள் எப்படி என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. என்னை மன்னித்தாரா என்பதும் தெரியாது. அவர் சொல்லவில்லை. சொல்லும்படி கேட்க எனக்கு வாயில்லை.

சில மாதத்துக்குப் பின், ஒரு முற்பகல் ஹாஜியார் தொலைபேசி எடுத்தார். பின்னால் காற்று மெசின் இரைவது கேட்டது.

"மாஸ்டர், ஒரு சின்னச் சந்தேகம். தட்டுல ஒரு மாதிரி நீலமா என்னவோ வந்திருக்கு. இது என்ன எண்டு..."

நான் எழும்பி உட்கார்ந்தேன். என்ன நிறம், ஓரம் எப்படி, எத்தனை நாள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள், மெசின் சத்தத்துக்கு மேலால், அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"அத நான் பாக்கிறன் ஹாஜியார். சேருக்கு எடுக்காதீங்க."

"சரி மாஸ்டர்," என்றார் ஹாஜியார், "புள்ள பாக்குதாம்."

நான் சரி என்றேன். அவர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அங்கிருந்து அழைப்பு வரவில்லை.